குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி

லண்டனின் தெற்கே, சட்டன் என்ற இடத்தில் ஒருவர் சாகக் கிடந்தார். நகரின் மறுகோடியில், ஹரோவில் இருந்த அவருடைய அண்ணன், போய்ப் பார்க்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். இருபது வருடங்களுக்கு மேலாக அவர்கள் பேசவில்லை. தாயாரைத் தம்பி காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அண்ணன் நம்பினார். காட்டிக்கொடுத்தது நான்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். தம்பியாருக்கு இன்னும் சில கிழமைகள்தான் என்று அறிந்த பிறகும் பன்னிரண்டு நாட்கள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இதை ஒரு பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர ஆசிரியராக இருந்தேன். என்னுடைய மிகச் சிறந்த பாடம் அமெரிக்கச் சுதந்திரப் போர். அதைத் தொடங்க மூன்று நாட்களுக்கு முன்னரே வகுப்பில் ஓர் உத்தரவு போடுவேன். இன்று முதல் ஒவ்வொருவரும் தன் கொப்பியிலிருந்து தினமும் ஒரு வெற்றுத்தாள் எனக்குத் தரவேண்டும். காரணம் சொல்லமாட்டேன். முதல் நாள் சிரித்துக்கொண்டு கிழித்துத் தருவார்கள். இரண்டாம் நாள் பின்வரிசை வாங்கில் முணுமுணுப்பு எழும்பும். மூன்றாம் நாள் ஒருவரும் தரமாட்டார்கள், மேசையில் தட்டுவார்கள். ஒருமுறை எவனோ என் கதிரையில் மை ஊற்றி வைத்தான். அப்போதுதான் புத்தகத்தைத் திறப்பேன். "ஒரு தாளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பேன்.

"தாளுக்கில்லை சேர். எங்களைக் கேக்காமல் எடுக்கிறியள்."

ஒவ்வொரு வருடமும் எவனாவது அதைச் சொல்லிவிடுவான். அதன்பிறகு பாடம் தானாக ஓடும். கடலுக்கு அப்பால் பதின்மூன்று குடியேற்றங்கள். பிரெஞ்சுக்காரரோடு நடந்த யுத்தத்தால் இங்கிலாந்துக்கு வந்த கடன். அதை அடைக்க முத்திரை வரி. பத்திரிகைக்கு முத்திரை, காணி உறுதிக்கு முத்திரை, சீட்டுக்கட்டுக்குக்கூட முத்திரை. லண்டன் பாராளுமன்றத்தில் அந்தச் சனத்துக்கென்று ஓர் உறுப்பினரும் இல்லை. முத்திரை விற்க நியமிக்கப்பட்டவர்களின் கொடும்பாவிகளைச் சனம் மரத்தில் கட்டித் தூக்கியது. வரியை மீளப் பெற்றார்கள். ஆனால் வரி போடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று சட்டம் எழுதி வைத்துவிட்டே பெற்றார்கள். பிறகு கண்ணாடிக்கும் வர்ணத்துக்கும் கடதாசிக்கும் தேயிலைக்கும் வரி வந்தது. வரியைக் காக்கப் படை வந்தது. படை ஒருநாள் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. மற்ற வரிகள் போயின, தேயிலை வரி மட்டும் நின்றது. துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். தண்டனையாகத் துறைமுகம் மூடப்பட்டது. வரி வேண்டாம் என்று தொடங்கியவர்கள், ராசாவே வேண்டாம் என்று துவக்குத் தூக்கி முடித்தார்கள்.

ஒரு பகுதியை மட்டும் நான் எப்போதும் விட்டுவிடுவேன். ஊருக்கு ஊர் குழு வைத்து, யார் ஒத்துழைக்கவில்லை என்று அயலவர்களின் பெயர்களை எழுதிய பகுதி. நேரம் போதாது, பரீட்சையிலும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் காசாளராக வேலை செய்தபோதும் சனம் என்னை மாஸ்டர் என்றே கூப்பிட்டது. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இயக்கத்துக்கு வீடு வீடாகக் காசு சேர்க்கப் போகிறவர்களுக்குப் பேசத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன். எவரும் என்னை மிரட்டவில்லை. விரும்பித்தான் போனேன். பணத்தை நான் கையால் தொட்டதில்லை. அதை அந்த நாட்களில் பெருமையாகச் சொல்வேன்.

முதல் கூட்டத்தில் அவர்கள் அதை வரி என்றுதான் சொன்னார்கள். நான் தடுத்தேன்.

"வரி எண்டு சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லைக் கேட்டால் சனம் ராசாவை நினைக்கும். பங்களிப்பு எண்டு சொல்லுங்கோ."

எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் அச்சடித்து வந்த படிவத்தில் என் சொல் இருந்தது. பெயர், முகவரி, தொழில், பங்களிப்பு. கடைசியில் குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம். ஒரு வரிக்கு மேல் எழுத இடமில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் மூன்று பேராகப் போவோம். நான் தேயிலைக் கதையைச் சொல்வேன். மற்ற இருவரும் படிவத்தை எடுப்பார்கள். அப்படித்தான், அப்போது மிச்சம் என்ற லண்டன் புறநகரில் கடை வைத்திருந்த அந்த அண்ணனின் வீட்டுக்கும் போனோம். ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட மூலைக்கடை, மேலே வீடு. அவர் எனக்கு நெருங்கிய சிநேகிதர். வேலை முடிந்து வரும்போது எனக்கென்று ஒரு பத்திரிகை எடுத்து வைத்திருப்பார், காசு வாங்கமாட்டார். என்னைவிட எட்டு வயது இளையவர். பகிடி இல்லாமல் ஒரு வசனம் அவர் வாயில் வராது.

தேத்தண்ணி வந்தது. வடை வந்தது. நான் பத்து நிமிடம் கதை சொன்னேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைதட்டினார்.

"அருமை மாஸ்டர். இப்ப விசயத்தைச் சொல்லுங்கோ."

எங்களில் ஒருவர் படிவத்தை மேசையில் வைத்து ஒரு தொகையைச் சொன்னார்.

"நாங்கள் மிச்சத்திலை இருக்கிறமே தவிர எங்களிட்டை மிச்சம் ஒண்டும் இல்லையண்ணை," என்றார் கடைக்காரர்.

"கடை நல்லா ஓடுது போல."

"கடை ஓடுது. நான் அதுக்குப் பின்னாலை ஓடுறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், ஒரு சந்தேகம். உங்கடை கதையிலை வரி கேட்டவன் ராசா. கேக்காமல் எங்களிட்டை எடுக்காதை எண்டவன் சனம். சரியோ?"

"ஓம்."

"அப்ப இந்த வீட்டிலை இப்ப ஆர் ராசா, ஆர் சனம்? நான் உங்கள் மூண்டுபேருக்கும் எப்ப வோட்டுப் போட்டனான்?"

என்னோடு வந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஒருவர் வாயில் இருந்த தேத்தண்ணியைக் கையால் பொத்தினார். முப்பது வருடம் வகுப்பில் நான் கேட்ட கேள்வியை எனக்கே திருப்பிப் போட்டிருந்தார். "இது வரியில்லை, பங்களிப்பு," என்றேன். அதற்கு இன்னொரு சிரிப்பு எழுந்தது.

நாங்கள் வெளியே வந்தோம். மற்ற இருவரும் காரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எனக்குத் தலையிடி என்று சொல்லி ட்ராமுக்கு நடந்தேன். தரிப்பிடத்தில் நின்றபோது கடைக்காரர் பின்னால் ஓடிவந்தார். என் மப்ளரை வீட்டில் விட்டுவிட்டேன். அதை என் கழுத்தில் அவரே போட்டுவிட்டார்.

"கோவிக்காதேங்கோ மாஸ்டர். சபையிலை வைச்சு உங்களைப் பகிடி பண்ணினது பிழை. எனக்கு மண்டை சரியில்லை. அம்மா வன்னியிலை. காலிலை சீனி வருத்தப் புண். பங்கருக்கை இறங்க ஏலாமல், குண்டு விழேக்கையும் வெளியிலையே கிடக்கிறாவாம். அந்தக் கடுப்பிலை வாயை விட்டிட்டன்."

"அம்மா திருச்சியிலை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லிறது. எனக்கும் தம்பிக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும்."

ட்ராம் வந்தது. ஏறினேன். அவர் கைகாட்டினார். நானும் காட்டினேன்.

அவர் ஏன் திருச்சி என்று சொல்லி வைத்திருந்தார் என்பது அந்தக் காலத்தில் லண்டனில் இருந்த எவருக்கும் விளங்கும். இயக்கத்தின் பிடியில் இருந்த வன்னியில் ஆள் இருந்தால், இங்கே காசு மறுப்பவர்களை அந்த ஆளை வைத்து நெருக்கலாம். நான் விளங்காதவன் அல்ல. மன்னிப்புக் கேட்க ஓடிவந்த அவசரத்தில் அவர் என் கையில் தந்தது அதைத்தான்.

படிவத்தை நிரப்பிக் கொடுப்பது என் பொறுப்பு. இரண்டு நாட்கள் அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், மைப்பேனையால் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.

வசதி உண்டு. மனம் இல்லை. தாயார் வன்னியில் உள்ளார்.

மூன்று சின்ன வசனங்கள். கட்டத்துக்குள் ஒரே வரியில் அடங்கின. கடைசி வசனத்தைக் கேட்டு எவரும் நிற்கவில்லை. அது இல்லாமலும் படிவம் பூரணமாகத்தான் இருந்திருக்கும். மறதியில் எழுதினேன் என்றோ, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றோ சொல்லலாம். அப்படி நினைக்கவில்லை. எழுதும்போது அந்த இருவரின் சிரிப்புச் சத்தம் என் காதில் இருந்தது. எழுதி முடித்ததும் அது நின்றது. வேலை முடிந்து வந்த மனைவி, "என்னப்பா, முகம் தெளிஞ்சிருக்கு," என்றாள்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தாயாரைச் சிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோக உறவினர்கள் முயன்றார்கள். வன்னியை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கொடுக்கும் இடத்தில் ஒரு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் மகன் லண்டனில் பங்களிப்புச் செய்யவில்லையே என்றார்களாம். செய்தி மிச்சத்துக்கு வந்த அன்றே கடைக்காரர் கேட்ட தொகையைக் கட்டினார். கட்டிய விபரம் போய்ச் சேர்ந்து பாஸ் கிடைக்க ஐந்து கிழமை எடுத்தது. கொழும்பில் காலை வெட்டினார்கள். அதற்குப் பிறகு பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தார்.

எட்டாம் நாள் செலவு என்கிற படையல் சாப்பாட்டுக்கு நானும் போனேன். கடைக்கு மேலே அதே அறை. நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைக்காரர் பரிமாறிக்கொண்டு வந்து என் முன்னால் குனிந்தார்.

"ஆரோ சொல்லியிருக்கினம் மாஸ்டர். அம்மா அங்கை எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பியார் படியேறி வந்தார். சட்டனில் இருந்தவர், மாதம் தவறாமல் இயக்கத்துக்குக் கொடுத்துவந்தவர், அதை எவருக்கும் ஒளித்ததும் இல்லை. கடைக்காரர் கறிச்சட்டியைக் கீழே வைத்தார்.

"நில்லு. உள்ளை வராதை."

"அண்ணை, என்ன இது?"

"எனக்கும் உனக்கும்தான் தெரியும். நான் சொல்லேல்லை."

"அம்மான்ரை ஆணை, நான் இல்லை அண்ணை."

"அம்மாவைச் சாகடிச்சுப்போட்டு அம்மாவிலையே ஆணை வைக்கிறாய்."

தம்பியார் அறையைச் சுற்றிப் பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற பார்வை. அது என் முகத்திலும் வந்து நின்றது. என் கையில் சோறு இருந்தது. கீழே பார்த்துக் குழைத்தேன். படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கடை மணி அடித்தது, கதவு சாத்தப்பட்டது.

படிவத்தில் எழுதியது ஒரு கோபத்தில் செய்த காரியம் என்று யாராவது எனக்காக வாதாடலாம். அந்தச் சோற்றைக் குழைத்ததற்கு அப்படி ஒரு வாதமும் இல்லை.

அதன்பிறகு நான் காசு சேர்க்கப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் கடையை விற்றுவிட்டு ஹரோவில் மகளோடு போய் இருந்தார். என் மனைவி இறந்தபோது இரண்டு பஸ்சும் ஒரு ரெயினும் மாறி வந்து மூன்று நாள் என்னோடு நின்றார். அப்போதும் சொல்லவில்லை.

சென்ற மாதம் அவரே தொலைபேசியில் எடுத்தார்.

"மாஸ்டர், உயிரோடை இருக்கிறியளோ?"

"இன்னும் மரண அறிவித்தல் வரேல்லை."

"அப்ப வாற வியாழன் இல்லை, அதுக்கடுத்த வியாழன் ஹரோவுக்கு வாங்கோ. எங்கடை முதியோர் கூட்டத்திலை எல்லாரும் ரீவியிலை அமெரிக்கா வரி போடுது, வரி போடுது எண்டு சண்டை பிடிக்கினம். அந்த அமெரிக்காவே வரிச் சண்டையிலை பிறந்ததுதான் எண்டு சொன்னன். ஒருத்தரும் நம்பினமில்லை. வந்து அந்தத் தேயிலைக் கதையைச் சொல்லுங்கோ."

சிரித்தேன். பிறகு அவர் குரல் மாறியது.

"அவன் சட்டனிலை கிடக்கிறானாம். கான்சர். கிழமைக்கணக்குத்தானாம். என்னைப் பார்க்கவேணும் எண்டு கேட்டு விட்டிருக்கிறான். மகள் போங்கோ போங்கோ எண்டு நிக்கிறாள். நான் போகமாட்டன்."

தொலைபேசி என் கையில் இருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது.

"வியாழன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

பன்னிரண்டு நாட்கள். ஒவ்வொரு நாள் காலையும் தொலைபேசியை எடுப்பேன். இன்றைக்குத் தம்பியார் போயிருந்தால் இனிச் சொல்லி என்ன பயன் என்று ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பில் ஒரு சொட்டு ஆறுதல் இருந்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் செத்துவிட்டால் நான் தப்பிவிடுவேன் என்று என் மனம் கணக்குப் போட்டது.

வியாழக்கிழமை ஹரோவில் அந்த மண்டபத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். மசால் வடை மணம், ஹீற்றர் சூடு. கடைக்காரர் இரண்டாம் வரிசையில் கம்பளித் தொப்பியோடு இருந்தார். முன்னால் வந்து என் காதுக்குள், "இன்னும் கிடக்கிறானாம்," என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

பேசத் தொடங்கினேன். முத்திரை வரியைச் சொன்னேன். சீட்டுக்கட்டுக்கும் வரி என்றதும் பின்னால் இருந்த ஒருவர், "அது அநியாயம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேயிலைக்கு வந்தேன். ஓர் அம்மா கை உயர்த்தினார்.

"அது எங்கடை நாட்டுத் தேயிலையோ மாஸ்டர்?"

"இல்லையம்மா, சீனத் தேயிலை. அப்ப எங்கடை மலையிலை ஒரு தேயிலைச் செடியும் இல்லை."

"அதுதான் கடலிலை கொட்டியிருக்கிறாங்கள்."

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஓயும்போது, இத்தனை வருடமாக விட்டுவந்த பகுதியைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்படித் திட்டமிட்டு வரவில்லை. கையில் இருந்த குறிப்பில் அது இல்லை.

"தேயிலையைக் கொட்டினதோடை சண்டை வரேல்லை. அதுக்கு முன்னமும் பின்னமும் ஊருக்கு ஊர் குழு வைச்சவை. அந்தச் சாமானை வாங்கமாட்டம், விக்கமாட்டம் எண்டு எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும். வைக்காதவையின்ரை பேரை எழுதிப் பத்திரிகையிலை போட்டவை. கடைக்காரரின்ரை கடைக்கு முன்னாலை பலகை நட்டவை. சிலருக்குத் தாரைப் பூசி, இறகை ஒட்டி, தெருவாலை இழுத்தவை. அவை ராசான்ரை ஆக்கள் எண்டில்லை. கனபேர் பக்கத்து வீட்டுக்காரர். ஆர் வாங்கிறது, ஆர் விக்கிறது எண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே தெரியும்."

கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மாஸ்டர், இதை அண்டைக்குச் சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."

"அப்பிடிப் பேர் எழுதினவங்களுக்குப் பிறகு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. சண்டையிலை வெண்டினம். நாடு கிடைச்சது. பேர் எழுதினவை மரியாதையா வாழ்ந்து செத்துப்போச்சினம்."

"எழுதப்பட்டவன்?"

"கனபேர் ஊரைவிட்டுப் போட்டினம்."

தண்ணீர் குடித்தேன். மீதிக் கதையை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. முதல் வெடி, பிரகடனம், கைதட்டல். தேத்தண்ணிக்கு எல்லோரும் எழும்பியபோது அவரிடம் போய், "கொஞ்சம் வெளியிலை வாறியளோ?" என்றேன்.

கார் நிறுத்தும் இடத்தில் தூறிக்கொண்டிருந்தது. ஒரு வானுக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றோம். சுற்றி வளைத்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா வன்னியிலை எண்டு படிவத்திலை எழுதினது நான். உங்கடை தம்பி இல்லை. ட்ராமடியிலை நீங்கள் எனக்குச் சொன்னதை எழுதினன்."

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தொப்பியை மெதுவாகத் தலையில் போட்டு இரண்டு காதுக்கும் இழுத்துவிட்டார்.

"நான் உங்களை ஒருக்கா நினைச்சனான்," என்றார். "எட்டுச் செலவுக்கு முதல் நாள். தம்பிக்குத் தெரியும், மாஸ்டருக்கும் சொன்னனான் எண்டு. பிறகு, சீ, மாஸ்டரைப் போய் நினைச்சனே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு. அந்த வெக்கத்திலைதான் உங்களுக்கு முன்னாலை வந்து குனிஞ்சு கேட்டனான்."

அவர் தெருப் பக்கம் திரும்பினார்.

"வெளிக்கிடுங்கோ," என்றார்.

"எங்கை?"

"எங்கையோ? சட்டனுக்கு. வந்து அவனுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால், சாகப்போறான் எண்டு பொய் சொல்லிறன் எண்டு நினைப்பான்."

ஹரோ நிலையத்துக்கு எனக்கு முன்னால் நடந்தார். மழைக்கு ஒதுங்கவில்லை. வாசலில் இலவசப் பயண அட்டையை எடுத்து வைத்தார், கதவு திறந்தது. திரும்பி அந்த அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுக்கும் பாஸ் எண்டுதான் பேர்."

மெட்ரோபொலிட்டன் லைன் ரெயினில் எதிரெதிராக இருந்தோம். நகருக்குள் ரெயின் மாறினோம். அவர் நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தார். மகளிடமிருந்து செய்தி வருகிறதா என்று பார்த்தாராக்கும். நாங்கள் போவதற்கிடையில் தம்பியார் போய்விட்டால், அந்தப் பன்னிரண்டு நாட்களின் பழியும் என்னுடையது. ஆற்றைத் தாண்டும்போது கடைக்காரர் கேட்டார்.

"அவங்கள் ரெண்டுபேரும் சிரிச்சதுக்கோ?"

"ஓம்."

"அந்தச் சிரிப்புக்கு."

"ஓம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார் போலிருந்தது. பிறகு மிச்சம் ஜங்ஷன் வந்தது. நான் இறங்கும் நிலையம். அங்கிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. கதவு திறந்திருந்த நேரம் முழுவதும் அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது.

சட்டனில் அந்தப் பராமரிப்பு இல்லம் ஒரு சாதாரண வீடு போலத்தான் இருந்தது. தாதி பெயர்களைக் கேட்டு எழுதினார். உயிர் இருக்கிறது, விழித்துத்தான் இருக்கிறார் என்றார். கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "நீங்கள் இதிலை இருங்கோ. கூப்பிட்டால் வாங்கோ," என்று சொல்லி உள்ளே போனார். கதவு முழுவதும் சாத்தவில்லை. "அண்ணையோ?" என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு சொற்கள் கேட்கவில்லை. ஒருவர் அழும் சத்தம் கேட்டது. எந்த ஆள் என்று பிரித்தறிய முடியவில்லை. இருவர் குரலும் ஒரே மாதிரி.

சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதல் வசனம் இது, இரண்டாவது இது. பரீட்சைக்குப் போகும் மாணவன் போல. முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கும். கடைக்காரர் வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் எழும்பினேன்.

"நீங்கள் உள்ளை வரத் தேவையில்லையாம்."

"நான் சொல்லவேணும்."

"நான் சொன்னனான். நம்பிறான். உங்கடை முகத்தைப் பார்க்க விருப்பமில்லையாம்." கண்ணைத் துடைத்தார். "ஒண்டு மட்டும் கேட்டு வரச் சொன்னவன். அதிலை என்ன எழுதினனீங்கள் எண்டு. சொல்லுக்குச் சொல் வேணுமாம்."

அந்த வரியை நான் எவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தாதியின் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"வசதி உண்டு. மனம் இல்லை. தாயார் வன்னியில் உள்ளார்."

அவர் உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சொல்லும்போது கடைசிச் சொல்லில் தடக்கினார்.

"இருக்கிறா எண்டோ, உள்ளார் எண்டோ?"

"உள்ளார்."

"உள்ளார்," என்றார். தலையை ஆட்டினார். "மரியாதையாத்தான் எழுதியிருக்கிறியள்."

அதைத் தம்பிக்குச் சொல்ல உள்ளே போனார். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டார்.